மேலே எடுத்துக்கொண்ட வழக்கு

பேராக் மாநிலச் சட்டமன்றத் தேர்தலன்று காலையில் மகேந்திரன் லெம்பா தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தான். வீடு வீடாக ஏறி, அடையாள அட்டைகளை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். கட்சியின் கிளைத் தலைவன் அவன். வீட்டு மனைக்குப் பட்டா வரப்போகிறது, பெயர் பதிய வேண்டும் என்றான். ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோதே தோட்டத்து வேலை போயிற்று. மிஞ்சியது இருக்கிற கூரைதான், அதுவும் கம்பெனியுடையது. பட்டா என்றதும் யோசிக்காமல் கொடுத்தார்கள்.

வீரம்மா மட்டும் கொடுக்கவில்லை. "ஓட்டு போட்டுட்டு வந்து தாரேன்லா" என்றாள்.

"அக்காவுக்கு இந்த லயத்துல இருக்கணுமா, வேணாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான் மகேந்திரன்.

அவள் போய் ஓட்டுப் போட்டாள். வாக்குச்சாவடி மூடிய பிறகுதான் மற்றவர்களின் அட்டைகள் திரும்பி வந்தன; அட்டை இல்லாமல் அவர்கள் யாரும் ஓட்டுப் போட முடியவில்லை. மறுநாள் அடுத்த வீட்டு மங்களத்தையும் கூட்டிக்கொண்டு போலீசில் புகார் கொடுத்தாள்.

வழக்கு ஈப்போவில் மாதுமை என்ற அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் வந்தது. சின்ன வயதுக்காரி. தோட்டத்துக்கே வந்து, வீரம்மாவின் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டாள். புறப்படும்போது, "பயப்படாதீங்கக்கா, கோர்ட்டுல நான் இருப்பேன்" என்றாள்.

மகேந்திரன் மேல் குற்றம் சாட்டப்பட்டதும் வீரம்மாவின் புருஷன் பத்துமலைக்கு எண்ணெய் ஆலையில் இருந்த காவல் வேலை போயிற்று. காரணம் யாரும் சொல்லவில்லை. மங்களம் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்; பேச்சையும் நிறுத்திக்கொண்டாள். கோயிலில் வீரம்மாவின் அர்ச்சனைத் தட்டு எல்லாருக்கும் கடைசியில்தான் திரும்பி வந்தது. எல்லாவற்றையும் அவள் பொறுத்துக்கொண்டாள். கோர்ட்டில் ஒரு நாள் வாய்திறந்து சொன்னால் போதும், ஊர் வாயடைத்துப் போகும் என்று நம்பியிருந்தாள்.

விசாரணை நாளில் மாதுமை நீதிமன்ற வாசலில் அவளுக்காகக் காத்திருந்தாள். முகம் சரியில்லை.

"கேஸ மேலே எடுத்துக்கிட்டாங்கக்கா. மத்திய தலைமை ஆபீஸ்லேர்ந்து வேற ஒருத்தர் வந்திருக்காரு."

"இது பேராக் தேர்தல்தானே, மேடம். அவங்க எப்படி எடுக்கலாம்?"

"எடுக்கலாம். தேர்தல்தான் மாநிலத்தோடது. வழக்கு எப்பவுமே கூட்டரசோடதுதான், மத்திய அரசாங்கத்தோடது. அவங்க குடுத்ததாலதான் நான் நடத்துனேன்."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். காரணம் சொல்லணும்னு சட்டம் இல்லக்கா."

உள்ளே, வந்திருந்த அதிகாரி எழுந்து, வழக்கை இப்போதைக்குத் தொடர விரும்பவில்லை என்று மலாயில் சொன்னார். நீதிபதி ஏன் என்றார். அதிகாரி சொன்னதையே திரும்பச் சொன்னார். மகேந்திரன் விடுவிக்கப்பட்டான், வேண்டுமானால் பின்னொரு நாள் மறுபடியும் வழக்குத் தொடுக்கலாமாம். வீரம்மாவை யாரும் கூண்டுக்குக் கூப்பிடவே இல்லை.

வெளியே வந்த மகேந்திரன் அவளைக் கண்டு நின்றான். "பஸ்ஸுலயா வந்தீங்கக்கா? நம்ம காடியில போலாமே." தன் காரைக் காட்டிச் சொன்ன அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவன் போனபின் வீரம்மா மாதுமையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவ தோட்டத்துக்கு வாங்க, மேடம். நான் பொய் சொல்லலன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"நான் அரசாங்க வேலையில இருக்கேன்கா. கேஸ் பத்தி வெளியில பேசக் கூடாது."

"கேஸ் பத்தி வேணாம். என்னைப் பத்திச் சொல்லுங்க."

மாதுமை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வீரம்மா பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் சேதி தோட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது. எத்தனையோ மாதம் கழித்து மங்களம் அவள் வீட்டுப் படியேறினாள்.

"பொய்க் கேஸுன்னு கோர்ட்டே தள்ளிருச்சாமே?"

"தள்ளல. மேலே எடுத்து, அவங்களே கைவிட்டுட்டாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"உன் ஐ.சி. அட்டைய அவன் வாங்கிட்டுப் போகலையா, மங்களம்?"

"பத்திரமாத் திருப்பிக் குடுத்துட்டானே" என்றாள் மங்களம். "போய் அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வா. பட்டாவுல உன் பேரும் இருக்கணும்ல."

வீரம்மா புருஷனைப் பார்த்தாள். பத்துமலை குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலையில்லாமல் மெலிந்துபோயிருந்தான்.

அவள் போனாள். மகேந்திரன் நாற்காலி எடுத்துப் போடச் சொன்னான். அவள் உட்காரவில்லை.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க. படிச்சவங்க தூண்டிவிட்டுட்டாங்க. அப்படித்தானே?"

சுற்றிலும் லயத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். மங்களமும் நின்றாள்.

"ஆமா" என்றாள் வீரம்மா.

அடுத்த வாரமே பத்துமலைக்கு ஆலையில் வேலை திரும்பக் கிடைத்தது. பட்டா இன்னும் யாருக்கும் வரவில்லை. மாதுமை ஓரிரு முறை போன் செய்தாள். வீரம்மா எடுக்கவில்லை.