இடது கையா, வலது கையா

என் தம்பிக்கு மூக்கே கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன். பதினைந்து வருடமாக மீன் கடை வைத்திருப்பவனுக்கு எப்படி இருக்கும்? கடைக்கு வருகிறவர்கள் அவனுக்கு வைத்த பேர் சுறா. இதுவரை பார்த்த இரண்டு பெண்களும், "ஆள் தங்கம், அந்த வாடைதான் ஆகலை" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது முறை மூன்று நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் மூன்றாவது பெண்ணைப் பார்க்கப் போகிற அன்று அவனை சென்ட் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பெண் மரக்கடையில் பலகை அளந்து கொடுப்பவள். அப்படியென்றால் மர வாசனைதான் சரி என்று நான் முடிவு கட்டினேன். யோசனை என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

கடைக்காரி இரண்டு பாட்டில்களை எடுத்து, அட்டைத் துண்டுகளில் அடித்து நீட்டினாள். ஒன்றில் தேவதாருவும் ஈரப் புல்லும். மற்றதில் தேவதாருவும் கசக்கிய இலையும்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான் சுறா.

"ஐயோ சார்! இது காலையில இருக்கற காடு, அது சாயங்காலக் காடு."

"நான் காட்டுப் பக்கமே போனதில்லைங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதையாவது ஒண்ணு சொல்லித் தொலைடா! மணி நாலரை ஆச்சு, அஞ்சுக்கு அவ டீக்கடைக்கு வந்துடுவா."

"நீயே சொல்லேன்க்கா."

எனக்கும்தான் வித்தியாசம் பிடிபடவில்லை. அதை வாய்விட்டுச் சொல்வேனா? கடைசியில் அவன் ஒன்றை இடது கையிலும் மற்றதை வலது கையிலும் அடித்துக்கொண்டான்.

"அவங்களே மோந்து பாத்துச் சொல்லட்டும். எது பிடிக்குதோ அதை வாங்கிக்கறேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

டீக்கடைக்கு அவள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். "வணக்கம் மேடம்" என்று எனக்கு ஒரு கும்பிடு. அவள் உட்கார்ந்ததுதான் தாமதம், இந்த மடையன் இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டிவிட்டான்.

"இடதா, வலதா? சொல்லுங்க."

அவள் குனிந்து மோந்தாள். முகம் சுருங்கியது.

"ரெண்டும் எங்க கடை மாதிரியேதான் இருக்கு. காலையிலேர்ந்து இதைத்தான் மோந்துட்டு இருக்கேன். இங்கயுமா?"

எனக்கு உயிரே போய்விட்டது. சுறா எழுந்து போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான்.

"சென்ட் போயிடுச்சுங்க. அடியில இருக்கற மீன் வாடை போகாது. அதை மறைக்கத்தான் இவ்வளவும். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

நினைத்துக்கொள்வான். எனக்குத் தெரியாதா? அவள் அவன் கையை இழுத்து நிதானமாக மோந்து பார்த்தாள்.

"மீன் வாடைதான். நான் எங்க மீன் வாங்கினாலும் பழசைத்தான் தலையில கட்டறாங்க. இனிமே அந்தக் கவலை இல்ல."

சுறா பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் அண்ணி அழறீங்க? டீ ஆறுது பாருங்க."