நாக்கு நுனியில் ஒரு சுரீர்

தப்பு செய்கிறவரின் நாக்கு நுனியில் சுரீரென்று அடிக்கும் அந்த மென்பொருள், ஒரு வீட்டின் மாடியறையில், மின்விசிறி கெட்டுப்போன ஒரு கோடையில் எழுதி முடிக்கப்பட்டது. வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறவர்களுக்கானது அது. எந்த எண்ணெய் எவ்வளவு, அதற்கு எத்தனை கிராம் காஸ்டிக் சோடா, எத்தனை நாள் காயவேண்டும், எந்தக் கட்டி எந்த நாளில் வார்த்தது என்பதையெல்லாம் கணக்குப் போட்டு நினைவிலும் வைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் பதினோராயிரம் வரிகள் எழுதிய நாத்தனார், நாக்கில் அடிப்பதற்கு மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. இதைப் பிற்பாடு அவள் எத்தனையோ பேரிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

அவளுடைய அண்ணன் மனைவிதான் சோப்புக்காரி. ஊரே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட இருபது வயது மூத்த தபால்காரர் உட்பட. வீட்டின் பின்னறையில் நான்கு அலமாரிகள், அவற்றில் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் சோப்புக் கட்டிகள், எண்ணெய் பட்டுப் பட்டுக் கண்ணாடித் தாளாகிவிட்ட பன்னிரண்டு குறிப்பு நோட்டுகள். இவைதான் அவளுடைய தொழிற்சாலை. காஸ்டிக் மிஞ்சிய சோப்பு தோலை அரிக்கும் என்பதால், காய்ந்த கட்டியை நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். சுரீரென்றால் காஸ்டிக் அதிகம், உருக்கி மறுபடி வார்க்கவேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் விற்கலாம். மற்றவர்கள் சோதனைத் தாளுக்கு மாறிய பிறகும் அண்ணி மாறவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் நாக்கு ஒரு கட்டியைக்கூடத் தவறவிட்டதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இருந்தால் என்ன, அந்த நாக்குக்கு அது தகும்.

ஒரு வியாழக்கிழமை தேங்காய் எண்ணெய் டப்பா பாதியில் தீர்ந்துபோனது. அண்ணி மீதிக்கு ஆலிவ் எண்ணெயை ஊற்றிவிட்டாள். ஆயிரம் கிராம் தேங்காய் எண்ணெய்க்கு நூற்று எண்பத்து மூன்று கிராம் காஸ்டிக் வேண்டும், ஆலிவுக்கு நூற்று முப்பத்து நான்கு போதும் என்பது அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனாலும் காஸ்டிக்கைக் குறைக்க மறந்தாள். மறந்தால் என்ன, நாக்கு சொல்லிவிடும். ஆறு வாரம் கழித்து நாக்கை வைத்துப் பார்த்தாள். நாக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சோப்பை வாங்கியவர்களில் ஒரு பல் மருத்துவரும் உண்டு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுகிற மனிதர். இரண்டாம் நாள் இரண்டு கையிலும் உறை மாட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு வீட்டுக்கு வந்தார். அண்ணி அவர் எதிரிலேயே கட்டியை நாக்கில் வைத்தாள், ஒன்றுமில்லை என்றாள். நாத்தனார் வாங்கித் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு முழம் துள்ளினாள். பிறகு அண்ணியின் நாக்கில் உப்பை வைத்தார்கள், எலுமிச்சையைப் பிழிந்தார்கள், மிளகைப் பொடித்துப் போட்டார்கள். அவள் ஈரத் துணியை வாயில் வைத்ததுபோல இருந்தாள். ஒரு மாதமாகவே புருஷன் சமையலில் உப்பில்லை என்று அவரோடு சண்டை போட்டுவந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாவம் அந்த மனிதர், உப்பைக் கூட்டிக் கூட்டித் தனக்கே ரத்த அழுத்தம் வரவழைத்துக்கொண்டிருந்தார். விற்ற நூற்று நாற்பது கட்டிகளையும் அண்ணி வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினாள். பின்னறையைப் பூட்டினாள். சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டாள்.

அது மாமியார் இல்லாத வீடு என்பதால் அந்த உத்தியோகத்தையும் நாத்தனாரே சேர்த்துப் பார்த்துவந்தாள். அண்ணி மடிக்கும் துணியை மறுபடி மடிப்பாள், அண்ணி வைத்த செடியை இடம் மாற்றுவாள். அப்படிப்பட்டவள் அந்த வாரம் பன்னிரண்டு நோட்டுகளையும் அள்ளிக்கொண்டு மாடியறைக்குப் போனாள். ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் மென்பொருள் எழுதிக்கொடுப்பது அவள் வேலை. அதற்கு விடுப்பு சொல்லிவிட்டாள்.

"நாக்கு போனா போகட்டும் அண்ணி. கணக்கு எங்கயும் போகலியே. நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க, நான் எழுதுறேன்."

ஐந்து மாதம் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். முதன்முதலாக ஏற்றிய குறிப்பு, முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த, அவள் வாழ்க்கையில் வார்த்த முதல் சோப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு மாதிரியாக அது இருக்கட்டும் என்று வைத்தார்கள். எல்லாம் முடிந்து, வெளியிடலாமா என்று நாத்தனார் கேட்டபோது, அந்தக் குறிப்புதான் திரையில் திறந்திருந்தது. அண்ணி குனிந்து, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், திரையை நாக்கு நுனியால் தொட்டாள். "சரியா இருக்கு, அனுப்பு," என்றாள்.

நான்காம் நாள் முதல் புகார் வந்தது. சோப்பும் வார்க்கும் ஒரு மெழுகுவர்த்திக்காரர், பதினெட்டுக்குப் பதில் எண்பத்தொன்று என்று தட்டியதும் நாக்கில் சுரீரென்றது என்று எழுதியிருந்தார். அடுத்த வாரம் ஆறு பேர். கணக்கில் தப்பு என்றால் திரையில் சிவப்பு எழுத்தும் வரும், நாக்கிலும் அடிக்கும். அதோடு போனால் பரவாயில்லை. கணக்கெல்லாம் சரியாக இருந்து, டப்பாவில் மட்டும் வேறு எண்ணெய் இருந்தாலும் அது அடித்தது. டப்பாவுக்குள் இருப்பது மென்பொருளுக்கு எப்படித் தெரியும் என்று நாத்தனார் தலையைப் பிய்த்துக்கொண்டாள். அண்ணி அரிசி டப்பாவிலிருந்து சாவியை எடுத்து மறுபடி வார்க்க ஆரம்பித்தாள். தன் வார்ப்புகளுக்கு நாத்தனாரைத் தட்டச் சொல்வாள். மூன்று வருடத்தில் ஆயிரத்து நூறு பேர் அதில் சோப்பு வார்த்தார்கள், எவர் கையும் உரியவில்லை.

ஆனாலும் நாத்தனார் மானஸ்தி. எழுதாத ஒன்று தன் மென்பொருளில் ஓடுவது அவளுக்குப் பல்லில் சிக்கிய நார் மாதிரி. ஒவ்வொரு பகுதியாக எடுத்துப் பார்த்தவள், ஒரு திங்கட்கிழமை காலை அந்த மாதிரிக் குறிப்பை நீக்கினாள். வேண்டுமென்றே தப்பாகத் தட்டிப் பார்த்தாள். நாக்கில் ஒன்றுமில்லை. அதே நேரம் கீழே அண்ணி காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, இதில் எவன் இவ்வளவு சர்க்கரை போட்டது என்று கத்தினாள்.

மூன்றரை வருடம் கழித்துத் திரும்பிய நாக்கோடு அண்ணி எட்டு வாரம் வாழ்ந்தாள். மாம்பழம் தின்றாள், பச்சை மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். புருஷன் சமையல் உண்மையிலேயே நன்றாக இருக்கும் என்று கண்டுபிடித்து, பழைய சண்டைகளுக்கெல்லாம் மொத்தமாக மன்னிப்புக் கேட்டாள். நாத்தனார் வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணி மடித்த துணியை அப்படியே அலமாரியில் வைத்தாள்.

ஒன்பதாம் வாரம் துறைமுக ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், இப்போது சோப்புக்காரர். கடைக்காரர் தேங்காய் எண்ணெய் டப்பாவில் ஆலிவ் எண்ணெயை அடைத்துக் கொடுத்துவிட்டார். கணக்கு சரி, சிவப்பு எழுத்து வரவில்லை. அந்தச் சோப்பில் குளிப்பாட்டிய பேத்தியின் முதுகு சிவந்துபோய் இரண்டு நாள் அழுதாள், இப்போது ஆறிவிட்டது. அவர் குறை சொல்லி எழுதவில்லை. "நான் சரியாக அழுத்தவில்லையா? ஏன் என்னை அடிக்கவில்லை?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

அண்ணி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். மதியச் சாப்பாட்டை அவசரமில்லாமல், கடைசிப் பருக்கைவரை ருசித்துச் சாப்பிட்டாள். எலுமிச்சைத் துண்டு ஒன்றை நக்கினாள். கை கழுவிவிட்டு மாடியேறிப் போனாள்.

"அந்த முதல் சோப்பைத் திரும்ப ஏத்து."

"வேணாம் அண்ணி. உங்க கால்ல விழறேன். நான் வேற ஏதாவது வழி பாக்குறேன்." நாத்தனார் அழுதுகொண்டே சொன்னாள்.

"டப்பாக்குள்ள இருக்கிறது உன் கணக்குக்குத் தெரியுமா?"

தெரியாது என்று நாத்தனார் தலையாட்டினாள்.

"இத்தனை வருஷம் ஒரே வாய்க்குள்ள கிடந்த நாக்குடி இது. ஆயிரத்து நூறு வாயில வேலை பாத்திருக்கு, ஒரு நாள் லீவு போடல. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா? ஏத்து."

நாத்தனார் ஏற்றினாள். அண்ணி குனிந்து திரையைத் தொட்டாள். சரியாக இருக்கிறது என்றாள்.

மறுநாள் துறைமுக ஊரில் அந்த டிரைவர், மீதியிருந்த அதே டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்கைத் தட்டினார். நாக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்து, அடித்துவிட்டது, அடித்துவிட்டது என்று எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னாராம். வீட்டில் அண்ணனின் சமையலை அண்ணி இப்போது நல்ல ஞாபகத்தோடு சாப்பிடுகிறாள். உப்பு சரியா என்று கேட்பாள், நாத்தனார் ஒரு வாய் பார்த்துச் சொல்வாள். மென்பொருளின் பயன்பாட்டுக் குறிப்பில், எழுதாத வசதிகளைப் பற்றி எழுதும் வழக்கம் இல்லாவிட்டாலும், ஏழாம் பக்கத்தில் நாத்தனார் மூன்று வரி சேர்த்திருக்கிறாள்: நாக்கில் சுரீரென்றால் பயப்பட வேண்டாம். அது எங்கள் அண்ணி. டப்பாவை ஒரு தடவை திறந்து பாருங்கள்.