கண்டக்டர் கேட்க வந்தது

ஐஸ் பெட்டியின் ஒயர் சுவரிலிருந்த பிளக்குக்கு எட்டவில்லை. பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் அதைக் கூடத்து நடுவில் இறக்கிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிலா வாசலுக்குப் போய், தன் ஸ்கூட்டியின் சீட்டைத் தூக்கி, சுருட்டி வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்து வந்தாள். படவிழாவுக்கென்று வாங்கியது. அதில் சொருகியதும் ஐஸ் பெட்டி உறுமத் தொடங்கியது. அப்பாவின் முகத்துக்கு நேரே கண்ணாடியில் பனி படர்ந்தது.

"தொடச்சு விடு ஆத்தா. மொகம் தெரியட்டும்" என்றார் பெரியப்பா.

துப்பட்டாவின் நுனியால் துடைத்தாள்.

அப்பா முத்துக்கிருஷ்ணன் குரங்கணி பஸ்சில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விடிவதற்கு முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முடிந்துவிட்டது என்றார்கள். இத்தனையும் நடந்து முடிந்து வீடு திரும்பியபோது பால்காரர் அப்போதுதான் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தார்.

போடியில் வருஷா வருஷம் மூன்று நாள் ஆவணப்பட விழா நடக்கும். ஜெகதீஷும் நிலாவும் இன்னும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்துவது. ஏலக்காய் வியாபாரி, ஜீப் டிரைவர், காலேஜ் பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். படம் முடிந்ததும் எடுத்தவரிடம் கேள்வி கேட்கலாம். முத்துக்கிருஷ்ணன் வருவதே அதற்காகத்தான். "சின்னதா ஒரு கேள்விங்க" என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு ஆற்றில் வெள்ளம் வந்து பஸ் நின்றுபோனது, ஒருவர் ஆட்டுக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று தகராறு செய்தது என்று எங்கெங்கோ போய்ச் சுற்றி, கேள்விக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

மைக்கை ஒவ்வொருவரிடமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது நிலாவின் வேலை. நேற்று சாயங்காலம் பொற்கொடியின் படம். பொற்கொடி உத்தமபாளையத்துப் பெண், இப்போது சென்னையில் இருக்கிறாள். மலையில் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களைப் பற்றி எடுத்திருந்தாள். படம் முடிந்து விளக்கு போட்டதும் அப்பா எழுந்துவிட்டார். அடுத்த படத்துக்கு நேரமாகிவிட்டது. மேடைக்குப் பக்கத்திலிருந்து ஜெகதீஷ் கையைக் காட்டினான். அப்பாவின் கதை இன்னும் பஸ் நிலையத்தை விட்டே கிளம்பியிருக்கவில்லை. நிலா போய் அவர் கையிலிருந்த மைக்கைப் பிடித்தாள்.

"அப்பா, போதும். உக்காருங்க."

மைக் அதை மண்டபம் முழுக்கச் சொல்லிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பிட்டுத் தூங்கிப்போயிருந்தார்.

பத்து மணிக்குமேல் கூட்டம் வரத் தொடங்கியது. டெப்போவிலிருந்து டிரைவர்கள் காக்கிச் சட்டையோடு வந்தார்கள். பழைய டிரைவர் கண்ணுச்சாமி, மாலையைப் போட்டுவிட்டு அம்மா மகாராணியிடம் வந்தார்.

"நேத்துக்கூடக் கேள்வி கேட்டாருன்னாங்களே மதினி."

"கேட்டாருண்ணே" என்றாள் மகாராணி.

நிலா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெகதீஷ் வந்தபோது அவள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவன் கண்கள் சிவந்திருந்தன. அம்மாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"இன்னிக்கு ஷோவ நிறுத்திரலாம்னு இருக்கோம் அத்தை."

"எதுக்குப்பா? வெளியூர்ல இருந்து எம்புட்டுப் பேரு வந்திருக்காங்க. நடத்துங்க."

அவன் நிலாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"அப்ப, ஆரம்பிக்கும்போது ரெண்டு நிமிசம் மௌனமா நிக்கச் சொல்லிடுறேன்."

"மௌனம்லாம் வேணாம்ப்பா" என்றாள் மகாராணி. "அவருக்கு அது ஒத்துக்காது."

பக்கத்தில் இருந்த ஒரு அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அம்மாவும் சிரிக்கப்போவது போலிருந்தது. அதற்குள் முகம் மாறி அழத் தொடங்கினாள். காலையிலிருந்து அப்போதுதான் அழுதாள்.

பொற்கொடி வெயில் ஏறிய பிறகு தனியாக வந்தாள். ஜீன்ஸ் பேண்ட்டில் வந்ததற்குக் கூச்சப்பட்டவளாக, ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிலா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நேத்து என்னமோ கேக்க வந்தாரு" என்றாள் பொற்கொடி மெதுவாக. "அப்புறமா வெளியில வச்சுப் பேசிக்கலாம்னு நெனச்சேன். தேடுனேன், கெளம்பிட்டாரு. என்ன கேக்க வந்தாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

நிலாவுக்குத் தெரியாது. கண்ணாடியில் மறுபடி பனி படர்ந்திருந்தது. துடைத்தாள்.

"எங்கிட்டச் சொன்னாரு" என்றாள் அம்மா.

இருவரும் திரும்பினார்கள்.

"சோறு போடுறப்ப சொன்னாரு. ஒம் படத்துல பல்லு எடுப்பா ஒரு அம்மா பேசுதாமே, தலையில துண்டு கட்டிக்கிட்டு. அது எத்தனையோ வருசம் இவரு பஸ்சுல வந்துச்சாம். டிக்கெட்டு குடுக்கிறது, சில்லறை குடுக்கிறது, அதோட சரி. பேரு கேட்டுக்கிட்டதே இல்லையாம். எல்லாருக்கும் கீழ எழுத்துல பேரு போட்டாங்க, அந்த அம்மாவுக்கு மட்டும் போடலையே, அது பேரு என்னன்னு கேக்கப் போனேன்னாரு."

"அவ்ளோதானா?" என்றாள் நிலா.

"அம்புட்டுத்தான். நாளைக்குப் போய்க் கேட்டுக்கிறேன்னு கை கழுவுனாரு."

பொற்கொடி சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். "பேரு போட வேணாம்னு அந்தம்மாதான் சொன்னாங்க. எஸ்டேட்டுல சோலி போயிரும்னு பயந்தாங்க." பிறகு முன்னால் சாய்ந்து, அம்மாவின் காதருகே சொன்னாள். பக்கத்தில் இருந்ததால் நிலாவுக்கும் கேட்டது. குருவம்மாள்.

மகாராணி அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒரு கையை ஊன்றி நகர்ந்து, ஐஸ் பெட்டிமேல் குனிந்தாள். வெளியிலிருந்து வந்து வீட்டுக்காரரிடம் சேதி சொல்கிறவள் போல, தணிந்த குரலில் சொன்னாள்.

"ஏங்க. குருவம்மாளாம்."

அத்தை என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று அம்மா கையை ஆட்டினாள்.

நிலா எழுந்து பின்வாசலுக்குப் போனாள். அங்கே யாருமில்லை. அப்பாவின் துண்டு இன்னும் கொடியில் கிடந்தது. அதில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். அரை நிமிஷம் ஆகியிருக்குமா, அவர் கேட்டுப் பொற்கொடி பதில் சொல்ல? அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. உள்ளேயிருந்து பெரியப்பா கூப்பிட்டார்.

"வெரசா வாத்தா. நேரமாச்சு. தூக்கப் போறாக."

சித்தப்பா மகன் அன்புச்செல்வன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் தெருமுனை வரை போய் நின்றார்கள். கொட்டுச் சத்தம் ஆற்றுப் பக்கம் திரும்பித் தேய்ந்தது. எல்லோரும் வீட்டைக் கழுவத் திரும்பினார்கள்.

பொற்கொடி மண்டபத்துக்குப் போகாமல் நின்றிருந்தாள். யாரும் சொல்லாமலே பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். நிலா வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்ட, அவள் வாசலை நோக்கித் தள்ளினாள். உதிர்ந்த சாமந்தியும் ஊதுபத்திச் சாம்பலும் படியிறங்கித் தெருவுக்கு ஓடின.

"கதவு மூலையில தண்ணி நிக்குது பாரு" என்றாள் மகாராணி உட்கார்ந்த இடத்திலிருந்தே. "அதையும் தள்ளி விடு தாயி."

பொற்கொடி குனிந்து மூலையைத் தேய்த்தாள். நிலா வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் மெலிதாகத்தான் வந்தது. வாளி நிறையும் வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.