மொக்ரோவ்காவின் கோட்டைமேடு

உலக நாகரிகத்தின் தொட்டில்களில் ஒன்று மொக்ரோவ்கா. ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் லூதோமிர் எழுதிய ஊர் வரலாற்றின் முதல் வரி இது. ஊரின் மக்கள்தொகை நாற்பத்தொன்று. தொட்டிலில் கிடத்த ஒரு குழந்தைகூட இல்லை.

வாரத்துக்கு மூன்று நாள் வரும் பேருந்தையும் நிறுத்தப்போவதாக மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மருத்துவரும் மருந்துக்கடையும் இருப்பது பதினெட்டு கிலோமீட்டருக்கு அப்பால். பேருந்து நின்றால் பாதி ஊர் வெளியூரிலுள்ள பிள்ளைகள் வீட்டுக்கு மூட்டை கட்டிவிடும். லூதோமிர் நம்பியதெல்லாம் சதுப்பு நிலத்தின் நடுவே நின்ற புல்மேட்டைத்தான். ஆயிரம் வருடத்துக் கோட்டை அது என்று நிரூபித்துவிட்டால் பார்க்க ஆள் வரும், பேருந்து தப்பும். நிறுத்தத்துக்குக் 'கோட்டைமேடு' என்று பெயர் வைக்கும்படி மனுவும் போட்டுவிட்டார்.

நகரத்திலிருந்து தொல்லியல் ஆய்வாளர் தோண்ட வந்த அன்று லூதோமிர் தன் பழைய கல்யாணக் கோட்டு மாட்டிக்கொண்டு போய் நின்றார். பொத்தான்தான் எட்டவில்லை.

"வாத்தியாரே, ரொம்ப ஆழமா தோண்டச் சொல்லாதீங்க," என்றாள் ப்ரோன்யா. ஒரு காலத்தில் அரசுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவள்.

"வரலாறு ஆழத்துலதான்க்கா இருக்கும்!"

"அதான் பயமா இருக்கு."

இரண்டு மீட்டர் வரை கறுப்பு மண். பிறகு ஒரு ரப்பர் பூட்ஸ் வந்தது. 'மாட்டுக்கொட்டகை எண் 2' என்று அதில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது.

"என்னோடதுதான்," என்றாள் ப்ரோன்யா. "எழுபத்துநாலு, அஞ்சு ரெண்டு வருஷமும் சாணத்தை இங்கதான் கொட்டினோம். நீங்க ஊருக்கு வர்றதுக்குள்ள புல் முளைச்சிடுச்சு."

"இருபது வருஷமா நான் எழுதினதைப் பாத்துக்கிட்டுதானக்கா இருந்தீங்க?"

"எனக்கும் மாசாமாசம் டாக்டரைப் பாக்கணுமே, வாத்தியாரே. கோட்டையாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

லூதோமிர் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை.

ஆய்வாளர் மட்டும் ஒரு பை மண்ணைத் தன் அம்மாவின் தோட்டத்துக்கு எடுத்துப் போயிருந்தார். ஐம்பது வருடம் மக்கிய எரு. அந்த அம்மாள் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் சொல்ல, வசந்தம் பிறந்ததும் நகரத்துத் தக்காளிப் பிரியர்கள் கோணிப்பைகளோடு வந்து இறங்கினார்கள். பேருந்து இப்போது தினமும் வருகிறது.

மனுவையும் மாவட்ட அலுவலகம் மறக்கவில்லை. நிறுத்தத்துக்குப் பெயர்ப்பலகை வைத்தார்கள்.

'சாணமேடு' என்று எழுதியிருந்தது.