படிவத்தில் ஒரு காலி இடம்

யசுஹிரோ பன்னிரண்டரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். என் சாப்பாட்டு நேரம் அதுதான். ஜப்பானின் நாராவில், மான்கள் தம் போக்கில் திரியும் தோதாய்ஜி கோயில் வாசலில், அவற்றுக்குப் போடும் பிஸ்கட் விற்கிறேன். விவாகரத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட அரை மணி நேரம் போதும்.

ஆறு வருடங்களுக்கு முன் கம்பெனி அவரை வடக்கே செண்டாய்க்கு மாற்றியது. அம்மா படுக்கையில் இருந்ததால் நான் இங்கேயே தங்கினேன். முதலில் மாதம் ஒருமுறை வந்தார். பிறகு புத்தாண்டுக்கு மட்டும். அம்மா போனபின், நீயும் வா என்று கூப்பிடுவார் எனக் காத்திருந்தேன். நான் கேட்பேன் என்று அவரும் காத்திருந்தாரோ என்னவோ. போன மாதம் போனில், இப்படியே இழுத்துக்கொண்டு போவது உனக்குத்தான் கஷ்டம் என்றார். நானும் சரி என்றுவிட்டேன். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை.

காலையில் பக்கத்துக் கடை தொகிகோ அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கையெழுத்துப் போட உதட்டுச் சாயம் எதுக்குடி?"

வந்தார். மெலிந்திருந்தார். கோட்டுப் பையில் படிவம் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊர்க்காரர் யாரும் காகிதத்தை அப்படி வைக்க மாட்டார்கள். ஊரையே மறந்துவிட்டார் என்று நான் நினைப்பதற்குள் ஒரு பெண்மான் அதைக் கவ்விவிட்டது.

பாய்ந்தேன். படிவத்துக்காக இல்லை, பிஸ்கட்டைச் சுற்றும் தாளைத் தவிர வேறு காகிதம் மானின் வயிற்றுக்கு ஆகாது. கழுத்தைக் கட்டிப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு இழுத்ததில் பாதி கிடைத்தது.

"இப்பவும் மானுக்கு அப்புறம்தான் நான்," என்று சிரித்தார் அவர்.

எச்சில் ஊறிய தாளைப் பிரித்தேன். 'சேர்ந்து வாழ்ந்த காலம்' என்ற கட்டம் தப்பித்திருந்தது. எப்போதிலிருந்து என்பதற்கு எங்கள் கல்யாண மாதத்தை எழுதியிருந்தார். எதுவரை என்ற இடம் காலி.

"இத ஏங்க எழுதல?"

அவர் மானையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன எழுதறதுன்னு தெரியல, மிசாவோ. வேலைக்குத்தான போனேன். உன்ன விட்டுட்டுப் போன நாள்னு ஒண்ண எழுத கை வரல."

ஈரத் தாளை மடித்து என் பையில் வைத்தேன். புதுப் படிவம் வாங்கலாம் என்று அவர்தான் மெதுவாக ஆரம்பித்தார். மூன்று மணிக்கு ரயில் என்றும் சொன்னார்.

"நாளைக்கு வாங்கிக்கலாம்," என்றேன். "அஞ்சு மணிக்குக் கடைய மூடிடுவேன். வீட்டுல சாப்பிட்டுப் போங்க."

அவர் ஓக் மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நான் கடைக்குத் திரும்பினேன். மூன்று மணி அடித்தபோது அந்தப் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. வருகிறவர்களுக்குப் பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தபடி, ஐந்து மணி ஆக இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.