நின்னுபோன கல்யாணத்துக்கு ஒரு பத்திரிகை

ஸ்கூட்டியிலிருந்து ஒரு பெரிய கட்டைப் பையை இறக்கிக் கொட்டகை வாசலில் வைத்த பெண்ணைப் பார்த்ததும் ஜெயராணி கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி எழுந்து வந்தாள். கல்யாணப் பொண்ணு திரும்பி வருகிறாள் என்றால் பத்திரிகை போதவில்லை என்று அர்த்தம். எப்போதும் அப்படித்தான். யாரையாவது விட்டுப்போயிருக்கும், சித்தப்பா முகத்தைத் தூக்கிவைத்திருப்பார், அவசரமாக இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று வந்து நிற்பார்கள்.

"என்ன சிந்து, தீந்துபோச்சா அதுக்குள்ள? நான்தான் சேத்து அடிச்சுக்கன்னு சொன்னேன்ல?"

சிந்து பையின் வாயைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே இருந்தது அத்தனையும் ஜெயராணி செய்து கொடுத்த பத்திரிகைதான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சில கவர்களின் மேல் பெயர்கூட எழுதியாகியிருந்தது.

"கல்யாணம் நின்னுபோச்சுக்கா. சாமி படம் இருக்கு, எரிக்காதங்குது அம்மா. குப்பையிலயும் போட மனசு வரல. பழைய காகிதத்த நீங்க திரும்பக் கூழாக்குவீங்கன்னு அன்னைக்குச் சொன்னீங்கள்ல, அதான் எடுத்தாந்தேன்."

ஜெயராணி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, பானைத் தண்ணீரை மொண்டு கொடுத்தாள்.

வரதராசன்பேட்டையில் அவள் வீட்டுக்குப் பின்னால்தான் அந்தக் கொட்டகை. தையல்கடைகளில் மிஞ்சும் வெள்ளைத் துணி, பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளத் தோகை இரண்டையும் ஊறவைத்து, மெஷினில் அரைத்துக் கூழாக்கி, தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளி அள்ளித் தாள் செய்வாள். கூழ் ஈரமாக இருக்கும்போதே சாமந்தி இதழையோ வேப்பங்கொழுந்தையோ பதிப்பாள். கல்யாணப் பத்திரிகை, வாழ்த்து அட்டை, புத்தாண்டுக்கு அரியலூர் ஆபீஸ்காரர்கள் கேட்கும் கார்டு என்று வருஷம் முழுக்க வேலை இருந்தது. இப்போது சித்திரை வெயில். மாதா கோயில் பங்குப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வாழ்த்து அட்டைகள் கொடி கொடியாகக் காய்ந்துகொண்டிருந்தன.

சிந்துவின் பத்திரிகையை அவள் ஆசையாகச் செய்திருந்தாள். காரணம் அந்தப் பெண்தான். உடையார்பாளையத்திலிருந்து அப்பாவோடு வந்தவள், ஆல்பத்தைப் புரட்டி எதையாவது காட்டிவிட்டுப் போகாமல், எங்க காட்டுப் பருத்தியையும் கூழில் சேர்ப்பீங்களா என்று கேட்டாள். அடுத்த நாளே ஒரு பை பஞ்சு கொண்டுவந்தாள். ஜெயங்கொண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் வேலை. மாப்பிள்ளை சுதர்சன் குரும்பலூர்க்காரன். அவன் பெயரைச் சொல்லும்போது குனிந்துகொண்டு சிரித்தாள். அதெல்லாம் ஜெயராணிக்கு நினைவிருந்தது.

"அக்கா, இத நானே கிழிக்கட்டுமா?" என்றாள் சிந்து.

"கிழி. அட்டை தடிப்பா இருக்கும், ரெண்டு பேருமா கிழிப்போம்."

இருவரும் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். கொட்டகையில் வேலைபார்க்கும் வெற்றிச்செல்வி தொட்டிப் பக்கம் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தையல்கடைக்குத் துணி வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள் ஜெயராணி. எதையும் கேட்கவில்லை. கேட்காததாலோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் சிந்துவே பேச ஆரம்பித்தாள்.

சுதர்சனுக்கு வேறொரு பெண்ணோடு பழக்கம். வேறு சாதி. வீட்டில் சொல்லத் தைரியமில்லாமல் நிச்சயம்வரை வந்துவிட்டான். பத்திரிகை அடித்த பிறகு சிந்துவுக்குப் போன் போட்டு அழுதான். நீங்களே உங்க வீட்ல சொல்லுங்க என்று இவள் சொல்லிப் பார்த்தாள். கத்திப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் இவள்தான் அப்பா முன்னால் போய் நின்று, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள்.

"காரணத்தச் சொன்னியா?"

"எப்படிக்கா சொல்றது? அவரு அப்பாவும் அண்ணனுங்களும் சண்டைக்காரங்க. வெளிய தெரிஞ்சா அந்தப் பொண்ண என்ன செய்வாங்கன்னு யாருக்குத் தெரியும்? நான் அதப் பார்த்ததுகூட இல்ல. ஆனா என் வாயால அதுக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுல்ல."

இப்போது ஊர் சிந்துவைத்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் எவனோ இருக்கிறானாம், அதனால்தான் வேண்டாமென்கிறாளாம். அப்பா அய்யாக்கண்ணு அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். கேட்கிறவர்களுக்கெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஒருவரிடம் ஜாதகக் கோளாறு என்றார், இன்னொருவரிடம் மாப்பிள்ளை வீட்டில் சாவு என்றார். கேட்ட இருவரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் கடைத்தெருப் பக்கமே போவதில்லை.

கடைசிப் பத்திரிகையையும் கிழித்துப் போட்டுவிட்டு, சிந்து போனை எடுத்து எதையோ தேடினாள்.

"அக்கா, இந்தக் கூழுலயே எனக்கு ஒரு கார்டு செஞ்சு தரீங்களா? பத்திரிகை வச்ச வூட்டுக்கெல்லாம் கொடுக்கணும். எழுதி வச்சிருக்கேன்."

ஜெயராணி வாங்கிப் படித்தாள். 'வைகாசியில் நடக்க இருந்த என் திருமணம் நின்றுவிட்டது. இது நான் எடுத்த முடிவு. என் அப்பா அம்மாவிடம் யாரும் காரணம் கேட்க வேண்டாம். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள். சிந்து.'

இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை அவள் செய்ததில்லை. பிறந்தநாள், பூப்பு நீராட்டு, புதுவீடு, அறுபதாம் கல்யாணம் எல்லாம் செய்திருக்கிறாள். நின்றுபோன கல்யாணத்துக்கு யார் கார்டு அடிப்பார்கள்? ராசியில்லாத கை என்று ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டால் அப்புறம் எந்த வீட்டிலிருந்து கல்யாண ஆர்டர் வரும்? அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் விரலிடுக்கில் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே முடியாது என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"செஞ்சு தரேன். நாளக்கழிச்சு வா."

துணி வாங்கிக்கொண்டு வந்த வெற்றிச்செல்விக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "புதுநன்மை கார்டு காயுற கொடியில மட்டும் இதப் போட்றாதீங்கக்கா. பச்சப்புள்ளைங்க சமாச்சாரம்." ஜெயராணி சண்டை போடவில்லை. வேப்பமரத்துக்கும் கிணற்றுக் கம்பத்துக்கும் இடையில் தனிக் கொடி ஒன்று கட்டினாள்.

மறுநாள் அந்தக் கொடியில் தாள்கள் காய்ந்துகொண்டிருக்கும்போது, சிந்து அம்மாவிடம் சொன்ன கார்டு விஷயம் காதுக்கு எட்டி, டிவிஎஸ் வண்டியில் அய்யாக்கண்ணு வந்தார். இறங்கியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, நீ எல்லாம் குடும்பத்துல இருக்குறவதானே? அதுதான் புத்தி கெட்டுப்போயி வந்து கேட்டுச்சுன்னா நீயும் அடிச்சுக் குடுத்துருவியா? காயிதத்துல அச்சடிச்சு ஊருபூரா கொடுத்துட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடமாடறது?"

"உள்ள வாங்கய்யா. வெயில்ல நிக்காதீங்க."

"உள்ள வரல. அத நிறுத்து."

"நிறுத்தச் சொன்னா நிறுத்திடறேன். இன்னும் எழுத்து ஏத்தல. வெறும் தாளுதான் காயுது. வந்து உக்காருங்க."

நிறுத்திவிடுகிறேன் என்று அவள் சொன்னதும் அவருடைய கோபத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போய்விட்டது. வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். குரல் இறங்கியிருந்தது.

"என்ன காரணம்னு சொல்ல மாட்டேங்குதும்மா. அடிக்கவும் கை வரல. ஊர்ல பேசுறதக் கேட்டா எனக்கே சந்தேகமாப் போவுது. பெத்த புள்ளைய நானே சந்தேகப்படறேன் பாரு. உங்கிட்ட ஏதாவது சொல்லுச்சா?"

ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனுஷனின் பாரம் இறங்கிவிடும். அதே வார்த்தை குரும்பலூர்வரை போனால், எங்கேயோ இருக்கும் ஒரு பெண்ணின் உயிருக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஒன்றும் தெரியாது என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்லவும் வரவில்லை.

"சொல்லுச்சுங்கய்யா."

அவர் நிமிர்ந்தார்.

"உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் கெடையாது. மாதா மேல ஆணையாச் சொல்றேன். காரணத்தச் சொன்னா சம்பந்தமே இல்லாத ஒரு உசுருக்கு ஆபத்து. அதுக்காகத்தான் பேச்ச எல்லாம் தன் தலையில வாங்கிக்கிட்டு நிக்குது. இதுக்கு மேல எங்கிட்ட கேக்காதீங்க. அதுகிட்டயும் இப்ப கேக்காதீங்க."

அரவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெற்றிச்செல்வி என்ன நினைத்தாளோ, போய் அதை நிறுத்தினாள்.

"அது என்ன எழுதிக் குடுத்துச்சு? படி பாப்போம்" என்றார் அய்யாக்கண்ணு.

ஜெயராணி தன் போனுக்குச் சிந்து அனுப்பியிருந்ததைத் திறந்து படித்தாள். 'என் அப்பா அம்மாவிடம் யாரும் காரணம் கேட்க வேண்டாம்' என்ற இடத்தில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அது என்ன, அப்பன்கிட்ட கேக்காதேங்குறது? அப்பன் செத்தா போயிட்டான்?"

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு வாங்கன்னு ஊரக் கூப்பிட்டது நானு. வராதீங்கன்னு சொல்றதும் நானாத்தான் இருக்கணும். அது பேருல போட்டா அது தனியா நிக்குற மாதிரி இருக்கும். எம்பேரப் போடு. அதோட அம்மா பேரையும் போடு. எழுது, நான் சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்ல ஜெயராணி எழுதினாள். அடித்துத் திருத்தி, கடைசியில் இப்படி வந்தது:

'அன்புடையீர், வைகாசியில் நடக்க இருந்த எங்கள் மகள் சிந்துவின் திருமணம் நின்றுவிட்டது. இது எங்கள் மகள் எடுத்த முடிவு. எங்களுக்கும் அதில் முழுச் சம்மதம். மாப்பிள்ளை வீட்டார் மீது குறை ஏதும் இல்லை. நீங்கள் எப்போதும்போல எங்கள் வீட்டுக்கு வந்துபோக வேண்டும். அய்யாக்கண்ணு, புஷ்பவல்லி.'

கொடியில் தொங்கிய தாளை அவர் தொட்டுப் பார்த்தார். கூழில் நன்றாக அரைபட்டும் மஞ்சளும் சிவப்பும் அங்கங்கே பொடிப்பொடியாகத் தங்கியிருந்தன. "இதெல்லாம் போகாதா?" என்றார். "போகாதுங்கய்யா, மை அப்படித்தான்" என்றாள் ஜெயராணி. அவர் தலையாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் சிந்து வந்தபோது ஜெயராணி எழுத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். அச்சு ஸ்கிரீனைத் தூக்கி, அப்போது அடித்த கார்டை எடுத்து மை காயாமலே நீட்டினாள். சிந்து படித்தாள். அப்பாவின் பெயர் வந்த இடத்தில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அப்பாவா?"

"அவரேதான். இங்க இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டுச் சொன்னாரு."

அதுவரை அழாத பெண் அப்போதுதான் அழுதாள். ஜெயராணியின் மை படிந்த கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைபோல விம்மி விம்மி அழுதாள்.

"எனக்கு அவர ரொம்பப் புடிச்சிருந்துச்சுக்கா. அத யாருகிட்டயும் சொல்ல முடியல. வேணாம்னு சொன்னவளே நானுன்னு ஆயிப்போச்சு, புடிச்சிருந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?"

ஜெயராணி அவளை அணைத்துக்கொண்டாள். சுடிதாரெல்லாம் மை. வெற்றிச்செல்வி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு யாரும் சொல்லாமலே, காயாத கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்ப் புதுநன்மை அட்டைகள் தொங்கிய கொடியில், நிழல் பக்கமாகப் பார்த்து மாட்டினாள்.

அப்பாவும் மகளும் ஒரே வண்டியில் வீடு வீடாகப் போனார்கள். எல்லா இடத்திலும் நல்லபடியாக நடந்ததென்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. விக்கிரமங்கலத்தில் ஒரு பங்காளி கார்டைப் படித்துவிட்டு, "நல்லா இருக்குய்யா உன் புது வழக்கம்" என்று இளித்தார். "புதுசோ பழசோ, எம்பொண்ணு முடிவுதான் எம்முடிவு" என்று சொல்லிவிட்டு அய்யாக்கண்ணு வண்டியைக் கிளப்பினார். ஆனால் பெரும்பாலான வீடுகளில் படித்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள், மோர் கொடுத்தார்கள், வேறு பேச்சுப் பேசினார்கள். மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் துருவிக் கேட்பதில் யாருக்கும் ருசியில்லாமல் போய்விட்டது. ஜெயராணி பயந்த மாதிரி ஆர்டரும் நிற்கவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு அதே உடையார்பாளையத்திலிருந்து ஆள் வந்தது.

ஆடி கடைசியில் ஒரு நாள் அய்யாக்கண்ணு தனியாக வந்தார். அவராகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பையன் ஒரு பொண்ணக் கூட்டிக்கிட்டுக் கோயம்புத்தூர் போயி ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டானாம். போலீஸ்ல பாதுகாப்பு கேட்டு எழுதிக் குடுத்திருக்காங்களாம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்." சற்று நிறுத்தி, "அன்னைக்கே உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியுங்கய்யா."

"சொல்லாம இருந்தியே, நல்லதாப் போச்சு. நான் முன்கோபக்காரன். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே குரும்பலூர்ல போயி நின்னு கத்தியிருப்பேன்."

ஜெயராணி சட்டத்தைத் தொட்டியில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "சிந்துவுக்குத் தெரியுமா? என்ன சொல்லுச்சு?"

"தெரியும்மா. கேட்டுட்டு வாசல்ல கொஞ்ச நேரம் உக்காந்திருந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு வந்து சோறு போடச் சொல்லுச்சு." அவர் சிரிக்கப் பார்த்தார். "ரொம்ப நாளைக்கப்புறம் நேத்துதாம்மா மறுசோறு கேட்டு வாங்கித் தின்னுச்சு."