ஸ்தோயிலின் பழைய தளம்

அடுக்குமாடியின் வாசற்கதவில் அப்பாவின் மரண அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தாள் ரலித்சா. ஆற்றுக் காற்று தாளைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் படத்திலிருந்த முகத்தை அழுத்திப் பிடித்து, மறுகையிலிருந்த டேப்பைப் பல்லால் கிழித்தாள். விடிகாலையில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய ஸ்தோயில், மதியத்துக்குள் கதவுக்கு வந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்திலும் ரொட்டிக் கடையிலும் ஒட்ட வேண்டிய தாள்களோடு வந்த க்ரூம் தொப்பியைக் கழற்றினார். ஊரில் சவ அடக்கத்துக்கு வேண்டியதெல்லாம் அவர் கடையில்தான்.

"ஊர்ச் சாவெல்லாம் போட்ட மனுஷன். கடைசியில அவரோடதை நாம ஒட்ட வேண்டியதாப் போச்சேம்மா."

உண்மைதான். பிழைக்க ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் போனவர்கள் ஊர்க் கதவுகளில் ஒட்டும் சாவுச் செய்திகளை எப்படிப் பார்ப்பார்கள் என்று, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டே அறிவிப்புகளை இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தவர் அவர். தானே படித்துத் தானே கட்டிய தளம். ஒவ்வொரு அறிவிப்பின் கீழும் மெழுகுவர்த்தி ஏற்றலாம்; ஏற்றுகிறவர் பெயர் எழுத இடம் உண்டு. யாராவது பெயர் எழுதாமல் ஏற்றினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "செத்தவன்கிட்டகூடப் பேரைச் சொல்ல வெக்கமா?" என்பார். அம்மா போன பிறகு தினமும் காபிக்கு முன்னால் தளத்தில் அவளுக்கான பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்.

அந்தத் தளத்தை ஓட்டும் மென்பொருளுக்கு இந்த வருடக் கடைசியோடு ஆதரவு நிற்கிறது. பிறகு அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. இடம் கொடுத்திருக்கும் கம்பெனியும் தளத்தை இறக்கிவிடும். புதிய பதிப்புக்கு மாற்றுவதென்றால் பாதியைத் திரும்ப எழுத வேண்டும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி இறக்கிக்கொண்டு அவர் முட்டிமோதிப் பார்த்தார். தலைநகர் சோஃபியாவில் தளம் கட்டும் வேலையே பார்க்கும் ரலித்சாவின் தம்பி யாவோர், "அடுத்த வாரம் பண்றேம்பா" என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்தினான்.

"நான் போய் இதை சைட்டுலயும் போடணும் மாமா" என்றாள்.

"காலையிலேயே போட்டாச்சும்மா."

"எப்படி? பாஸ்வேர்டு என்கிட்டதானே இருக்கு?"

"பழசுல இல்ல. நம்ம கடைக்குப் புதுசா யாவோர் செஞ்சு குடுத்தானே, அதுல. இன்னிக்குத்தான் தொறந்தோம். அப்பாதான் மொத ஆளு." பெருமையாகச் சொல்ல வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் தடுமாறினார். "உனக்குச் சொல்லலையா அவன்?"

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். புதுத் தளம் வழவழவென்று இருந்தது. முதல் படமாக அப்பா. தேடும் இடத்தில் அம்மாவின் பெயரை அடித்தாள். அப்படி யாரும் இல்லை என்றது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

க்ரூம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வசந்தத்துலயே கடைக்கு வந்தாரு. செய்யுறப்பவே காட்டினேன். யாரு செய்யுறான்னு கேட்டாரு, சொன்னேன். ரொம்ப நேரம் பாத்தாரு. 'எழுத்து சின்னதா இருக்கு, வயசானவங்களுக்குத் தெரியாது, அவன்கிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதே'ன்னாரு. பையனும் பெருசாக்கிட்டான்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்பது ரலித்சாவுக்கு ஞாபகம் வந்தது: "தளத்தைப் பத்தி ஏதாவது சொல்லணுமா யாவோர்?" உதவிக்காகக் கெஞ்சுகிறார் என்று நினைத்து, "அவனைத் தொந்தரவு பண்ணாதீங்கப்பா" என்று அவள் சிடுசிடுத்திருக்கிறாள். அவர் கெஞ்சவில்லை. அவனே வாயைத் திறந்து சொல்லட்டும் என்று கோடை முழுக்க வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்திருக்கிறார். அவனோ வாய் கூசாமல் அடுத்த வாரம் என்றான்.

மாடியில், நாளை கல்லறையில் கொடுக்க வேண்டிய அவித்த கோதுமையில் வால்நட்டைக் கலந்துகொண்டிருந்தான் யாவோர். அழுது முகம் வீங்கியிருந்தது. அதுவும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"க்ரூமோட சைட்டு நல்லாருக்கு" என்றாள்.

கரண்டி நின்றது.

"அக்கா, அப்பா எழுதுனதுல ஒண்ணைத் தொட்டா ஒம்பது சரியும். புதுசா கட்டுறதுதான் வழி. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? அடுத்த வாரமா?"

அவன் மறுபடி கரண்டியால் கிளற ஆரம்பித்தான்.

"அம்மாவைத் தேடினேன். அதுல இல்ல."

"பழசையெல்லாம் க்ரூம் கேக்கலக்கா."

"உன் அம்மாவை க்ரூம் கேக்கணுமாடா?"

அவன் கோதுமையையே பார்த்தான். "நல்லவேளை, அப்பா தெரியாமயே போயிட்டாரு."

"எழுத்தைப் பெருசாக்கச் சொன்னது யாருன்னு நெனச்சே?"

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை.

உள்ளறையில் அப்பாவின் கணினியைத் திறந்தாள். பக்கத்தில் அவருடைய காபிக் கோப்பை கழுவாமல் இருந்தது. பழைய தளம் முக்கி முனகித் திறந்தது. வருடம் முடிந்தால் இதுவும் இருக்காது. அவளுக்கு மாற்றி எழுதவும் தெரியாது. இருந்தாலும், அவர் கட்டிய இடத்தில் அவருக்கு இடமில்லாமல் போகக்கூடாது. படத்தை ஏற்றினாள். பெயரை எழுதினாள். 'துயரத்துடன்' என்ற இடத்தில் 'மகள்' என்று அடித்தாள். கொஞ்ச நேரம் விரலை அப்படியே வைத்திருந்துவிட்டு, 'மகன்' என்பதையும் சேர்த்தாள்.

அவள் ஏற்றிய மெழுகுவர்த்தி அவள் பெயரோடு எரிந்தது.

திறந்திருந்த கதவு வழியே, யாவோர் போனை எடுத்துக் குனிவது தெரிந்தது. சற்று நேரத்தில் திரையில் அவளுடைய மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இன்னொன்று எரிய ஆரம்பித்தது. அதன் கீழே, பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.